சுகமா, சுமையா?

கேள்வி: சின்ன ஊரில் குடும்பம் நடத்துவது சுகமா, சுமையா? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: விடை உங்கள் ஊரிலேயே இருக்கிறதம்மா. அங்கே செய்கிற ஒரு ரூபாய் தீப்பெட்டி இரண்டு ரூபாயாக 14 வருஷம் பிடித்தது. 2021 டிசம்பரில்தான் ஏறியது. வீட்டுக்குள் போட்ட சண்டை தெருமுனைக்குப் போக 14 நிமிஷம் போதும்! அது சுமைதான், பெண்களுக்கு இன்னும் கூடுதலாக. மகள் யாரோடு நின்று பேசினாள் என்ற சேதி, அவள் வீடு வந்து சேருமுன் வந்துவிடும். இதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால், ஐப்பசி அடைமழையில் தீக்குச்சி காயாமல் கூலி நின்றுபோன வாரத்தை நினைத்துப் பாருங்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் காதில் செருகிய பேனாவை எடுத்து, பற்று நோட்டைப் புரட்டுவார். அரிசி, பருப்பு எல்லாம் எழுதுவார். பிள்ளை கையில் வைத்த கடலைமிட்டாய் மட்டும் (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கோவில்பட்டி மிட்டாய்தான்) கணக்கில் ஏறாது.

மாமியாரோடு பேச்சு நின்ற அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணத்தை நீட்டுவாள். சண்டை அவள் காதிலும் விழுந்திருக்கும். உலை வைக்கவில்லை என்பதும் தெரிந்திருக்கும். அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.