உடைந்த கிரில்லும் ஓசூர் எல்லையும்: ஒரு முன்முக ஆராய்ச்சி

நடுகற்களுக்குப் பேர்போன மாவட்டம் கிருஷ்ணகிரி. மாடு மீட்கப் போய் விழுந்தவன், புலியோடு பொருதி மாண்டவன் என்று பலருக்கும் கல் நட்டு வைத்த மண் அது. அதே மண்ணில், சூளகிரி அருகே இரவு பதினோரு மணிக்குக் குறுக்கே வந்த பசுவைக் காப்பாற்றப் போய், முன்னால் சென்ற டெம்போவின் முதுகில் முட்டி உயிர்விட்ட கார் கிரில்லுக்கு ஒரு செங்கல்கூட நடப்படுவதில்லை. இந்த வரலாற்று அநீதியைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் சொல்லாராய்ச்சி. வீட்டு ஜன்னலில் இருப்பதும் கிரில்தான், காரின் முகத்தில் இருப்பதும் கிரில்தான். குழப்பம் வராமலிருக்கப் பட்டறைக்காரர்கள் காருடையதை ‘ஷோ கிரில்’ என்பார்கள். உருது கலந்த வாயில் அது ‘ஜாலி’. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கும் ஒரே ஸ்பேனரைக் கேட்டு வாங்கும் ஓசூரில் இரண்டு பெயரும் செல்லும். இதில் ‘ஷோ’ என்ற அடைமொழியை ஆய்வாளர் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. இந்தப் பொருள் வேலைக்கா, வேடிக்கைக்கா என்ற பெருவிவாதத்துக்கு அந்த ஓரெழுத்துச் சொல்லிலேயே தீர்ப்பு இருக்கிறது.

வேலைக்குத்தான் என்பவர்கள் வரலாற்றைத் துணைக்கு அழைப்பார்கள். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காரில்தான் தேன்கூட்டு ரேடியேட்டர் வந்தது. 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070. அந்தத் தேன்கூட்டில் கல்லும் பூச்சியும் அடிக்காமல் காற்றை மட்டும் உள்ளே விடும் காவல்காரன்தான் கிரில். கிருஷ்ணகிரியிலிருந்து குருபரப்பள்ளி தாண்டி மேலுமலையில் ஏறும் எவருக்கும் இந்த வாதம் விளங்கும். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்கும் லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊரும்போது வெப்பமானி முள் மேலே போகிறதா என்று பார்க்காத ஓட்டுநர் இல்லை.

ஆனால் கிரில் உடைந்தால் கார் நிற்பதில்லை. காற்று முன்னைவிடத் தாராளமாகவே உள்ளே போகும். இந்த ஒரு கேள்விக்கு வேலைக் கட்சியிடம் பதில் இல்லை.

வேடிக்கைக் கட்சியின் ஆதாரங்களோ வலுவானவை. பிஎம்டபிள்யூ 1933-இல் 303 மாடலில் வைத்த இரட்டைச் சிறுநீரக வடிவத்தை இன்றுவரை விடவில்லை. நம் அம்பாசடருக்கு 1962-இல் ‘மார்க் 2’ என்று புதுப் பெயர் வந்தபோது கண்ணுக்குத் தெரிந்த பெரிய மாற்றம் கிரில்தான். கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு புதிய காராகிவிட்டது. ஜீப்பின் ஏழு துளை முகம் உள்ளிட்ட தோற்றத்துக்காக ஒரு சர்வதேச வழக்கே நடந்தது. மகிந்திரா அமெரிக்காவில் விற்ற ராக்ஸர் தங்கள் ஜீப்பின் சாயலில் இருக்கிறது என்று ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 2018-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்திடம் முறையிட்டது. 2020-இல் ஆணையம் இறக்குமதித் தடை விதிக்க, ராக்ஸர் முகத்தை மாற்றிக்கொண்டு வந்தது. வெறும் காற்றுத் துளைக்காக யாரும் வக்கீல் வைப்பதில்லை. ஆயுதபூஜை அன்று சிப்காட் வாசல்களில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலும் இது புரியும். வாழைக்கன்று, மாவிலை, எலுமிச்சை மிளகாய் எல்லாம் கட்டப்படும் இடம் கிரில். அது உடைந்த வண்டிக்குத் திருஷ்டி கழிக்கவும் வழியில்லை.

உடைவதன் காரணங்களைத் திணைவாரியாகப் பிரிக்கும் ஆசை தமிழ் ஆய்வாளர் எவருக்கும் எழும். குறிஞ்சிக்குச் சானமாவுக் காட்டு யானை சாலையைக் கடக்கும்போது போடும் திடீர் பிரேக் இருக்கிறது. முல்லைக்கு மாடு இருக்கிறது. பாலைக்குச் சுங்கச்சாவடி வரிசையில் பின்னோக்கி உருளும் வண்டி போதும். நெய்தலில் இடிக்கிறது, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆகவே அம்முயற்சி கைவிடப்படுகிறது. எந்தத் திணையிலும் அடங்காத காரணம் ஒன்றும் உண்டு: கிரானைட்டுக்கும் ஜல்லிக்கும் பேர்பெற்ற இந்த வட்டாரத்தில் தார்ப்பாய் மூடாமல் போகும் டிப்பரிலிருந்து தெறிக்கும் கல்.

முன்பெல்லாம் இவற்றைத் தாங்க ஒரு மெய்க்காவலன் இருந்தான். பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் குழாய், அதாவது ‘கார்டு’. மோதும்போது ஏர்பேக் வேலை செய்வதைக் கெடுக்கிறது, நடந்து போகிறவரின் எலும்பை நொறுக்குகிறது என்று 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்குத் துணை. எதிர்த்துத் தொடுத்த வழக்குகளும் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நியாயமான முடிவுதான். ஆனால் அன்றிலிருந்து கிரில் நிராயுதபாணி.

இனி சிகிச்சை. உடைந்தது எது என்று பார்ப்பது முதல் படி. பெரும்பாலும் முகம் உடைவதில்லை. பின்னால் பம்பரைப் பிடித்திருக்கும் நகம் போன்ற ‘லாக்’தான் ஒடிகிறது. அடுத்தது கல்வெட்டியல். கிரில்லைக் கழற்றி முதுகைத் திருப்பினால் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் குலம் கோத்திரம் பொறிக்கப்பட்டிருக்கும். ‘ஏபிஎஸ்’ என்றிருந்தால் பாக்கியவான்: அசிட்டோனில் கரையும் சாதி அது. அதே பிளாஸ்டிக் தூளை அசிட்டோனில் குழைத்துத் தடவினால் ஒடிந்த பாகம் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். ‘பிபி’ என்றிருந்தால் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. ஃபெவிக்விக்கைக் கவிழ்த்தாலும் விரல்தான் ஒட்டும். சால்டரிங் அயனைச் சுடவைத்து, மெல்லிய கம்பி வலையைப் புதைத்து உருக்கிச் சேர்க்க வேண்டும். குரோம் பூச்சு உரிந்திருந்தால் இன்னும் சங்கடம். பிளாஸ்டிக்கில் குரோம் ஏற அமிலத்தில் அரித்து, நிக்கல், செம்பு, மறுபடி நிக்கல் என்று அடுக்கடுக்காகப் படியவைக்க வேண்டும்; தெருமுனைப் பட்டறையில் நடக்கிற காரியமில்லை. அங்கே ஒரே மருந்து கறுப்பு ஸ்பிரே. “இப்ப இதுதான் சார் ஃபேஷன்” என்ற மந்திரம் அதனுடன் இலவசம்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால் ஆய்வு பொருளாதாரத்துக்குள் நுழைகிறது. “கிரில் தனியா வராது சார், அசெம்பிளியாத்தான் வரும்” என்பது முதல் அதிர்ச்சி. “பெங்களூர்லருந்து வரணும்” என்பது இரண்டாவது. தமிழ்நாட்டின் பழைய உதிரிபாகத் தலைநகரம் சென்னைப் புதுப்பேட்டை. ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு ஜே.சி. ரோடு சுமார் 40 கிலோமீட்டர். எனவே தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட காரின் முகம் ஜூஜூவாடியையும் அத்திப்பள்ளியையும் தாண்டிக் கர்நாடகத்திலிருந்து வருகிறது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பேருந்துகள் எல்லையில் நின்று, பயணிகள் மூட்டையோடு நடந்து கடந்தார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் கிரில் உடைந்தவருக்குப் பொறுமை ஒன்றே கதி.

காப்பீடு இருக்கிறதே என்பார் உண்டு. கணக்குப் பார்ப்போம். கிரில் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம், மீதி 2,000. அதில் 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 1,000. ஐந்து ஆண்டுகள் கிளெய்ம் கேட்காமல் சேர்த்த 50 சதவீத போனஸ் மறுமுறை புதுப்பிக்கும்போது பூஜ்ஜியம். வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 என்றால், ஆயிரத்தை வாங்கி நாலாயிரத்தைக் கொடுத்த புண்ணியம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததுதான் இந்த இயலில் உள்ள ஒரே நற்செய்தி.

இத்தனைக்கும் ஓசூர் வாகனங்களின் தாய்வீடு. அசோக் லேலண்ட் லாரி இங்கே பிறக்கிறது. அதற்குக் கதவு அகலத்தில் கிரில் உண்டு. ஆனால் 1980-இல் டிவிஎஸ் 50 ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து ஓசூருக்குப் பேர் வாங்கித் தந்த இருசக்கர வண்டிகளுக்கு அது தேவைப்பட்டதில்லை. இப்போது ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் செய்யும் மின்ஸ்கூட்டர்களுக்கு ரேடியேட்டரும் கிடையாது, கிரில்லும் கிடையாது. மின்கார்களிலோ துளையே இல்லாத மூடிய முகத்துக்குக்கூட கிரில் வடிவம் வரைந்து வைக்கிறார்கள். வேடிக்கைக் கட்சி வென்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நடைமுறையில் இருக்கும் தீர்வையும் பதிவு செய்தாக வேண்டும். நூற்றுக்கு நூறு மெக்கானிக்குகளும் அதைத் தற்காலிகம் என்றுதான் சொல்வார்கள். கேபிள் டை; பட்டறை மொழியில் ‘டேக்’. லாக் ஒடிந்த இடத்தில் சூட்டுக் கம்பியால் இரண்டு துளை, உள்ளே கோத்து ஓர் இழுப்பு, மிச்ச வாலை நறுக்கினால் வேலை முடிந்தது. கறுப்பு நிறம்தான் வாங்க வேண்டும். வெள்ளை வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும், கண்ணுக்கும் தெரியும். ஒரு கிரில்லுக்கு மூன்று போதும்.