அமலை அடைத்த வாய்க்காலில் தூண்டில் துறை அமைக்கும் முறை

தூத்துக்குடிச் சீமையில் மீன்பிடி என்று பேச்செடுத்தால் எல்லார் கண்ணும் கிழக்கே போய்விடும். மன்னார் வளைகுடா, முத்துச்சிப்பிப் பார்கள், தெரேஸ்புரத்து நாட்டுப்படகுகள் என்று அந்தப் பக்கம் சொல்ல நிறைய உண்டு. இந்தக் கட்டுரை மேற்கே பார்த்து உட்காருகிறது. தாமிரபரணியின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகால், தென்கால், அவற்றின் கிளை வாய்க்கால்கள், அவை நிரப்பும் பெருங்குளம், பேய்க்குளம், கோரம்பள்ளம், கடம்பாகுளம், அங்கெல்லாம் மண்டிக் கிடக்கும் அமலை, அந்த அமலைக்குக் கீழே குடியிருக்கும் விரால், கெளுத்தி, கெண்டை. இவைதான் இங்கே பேசப்படும் பொருள். தூண்டில் கலையில் பாதிக்கு மேல் இடம் செய்வதில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. இடம் செய்வது என்றால் இயன்ற மட்டும் குறைவாக வெட்டுவது.

பிடிப்பதற்கு முன் இடத்தை ஆராய வேண்டும் என்ற பாடம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலம் வரை, பார்களில் சிப்பி எடுத்துப் பார்த்து, அதில் கிடைத்த முத்தை மதிப்பிட்ட பிறகே அரசு குளிப்பு நாளை அறிவிக்கும். கடைசிக் குளிப்பு 1961-இல் முடிந்தது. அத்தனை ஆண்டுகளிலும் கடலில் காட்டிய இந்த நிதானத்தை, நாலடி ஆழ வாய்க்காலில் காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குளத்துத் தூண்டிலைத் தனிக் கல்வியாக மதித்தவர்களும் உண்டு. சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து வாய்க்காலைப் பற்றி நாம் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் செடியை அறிய வேண்டும். வாய்க்காலில் பச்சையாகத் தெரிவதெல்லாம் அமலை ஆகாது. கரையோரம் நிமிர்ந்து நிற்பது சம்பங்கோரை. அதன் வேர்தான் கரையைப் பிடித்திருக்கிறது, அதை வெட்டக் கூடாது. கரையிலிருந்து தண்ணீர் மேல் படர்வது வள்ளைக்கீரை. அதைப் பறிக்க ஆள் வருவார்கள், அவர்களுக்கு விட்டுவிட வேண்டும். தண்ணீருக்குள் கொடியாக நிற்பது வேலம்பாசி. மேலே பாய் விரித்து, ஊதாப் பூப் பூத்து நிற்பதுதான் அமலை. மற்ற ஊர்களில் ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை என்பார்கள். பிறந்த இடம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. காம்பு உப்பி உள்ளே காற்றறைகள் இருப்பதால் மிதக்கும். தாய்ச்செடி ஓடுதண்டு விட்டு அதன் நுனியில் பிள்ளைச்செடி வைக்கும். சாக்கடையும் வயல் உரமும் கலந்த வெதுவெதுப்பான நீர் கிடைத்தால் இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகிவிடும். உப்பு மட்டும் இதற்கு ஆகாது. புன்னைக்காயல் பக்கம் ஆறு கடலைத் தொடும் இடத்தில் அமலை கருகிப்போகும். ஆகவே நம் சாஸ்திரத்தின் கிழக்கு எல்லை, உப்புநீர் ஏறும் இடம்.

அமலைப் பாய்க்குக் கீழே வெயில் இறங்காது. வெயில் இல்லாத இடத்தில் நீர்ப்பாசி உயிர்வாயு விடாது. மேலே காற்றும் நீரைத் தொடாது. அதனால் பாயின் நடுவில், குறிப்பாக விடியற்காலையில், நீரில் மூச்சுக்கு வழி குறைவு. கெண்டை அங்கே நிற்காது. விரால் நிற்கும், அது மேலே வந்து வெளிக்காற்றைக் குடித்துவிட்டுப் போகிற சாதி. பனையேறிக் கெண்டையும் குறவையும் அப்படித்தான். மற்ற மீன்களுக்கு நிழலும் வேண்டும், மூச்சும் வேண்டும். அவை பாயின் விளிம்பிலேயே வாழ்கின்றன. வாய்க்காலில் மீன் இருக்கும் இடம் எது என்ற கேள்விக்கு, செடியும் வெட்டவெளியும் சந்திக்கும் கோடு என்பதே விடை. நாம் செய்யப்போவது அந்தக் கோட்டை நீட்டும் வேலை. வாய்க்காலையே வழித்துச் சுத்தமாக்கினால் கோடும் போய்விடும், மீனும் போய்விடும்.

வெட்டுமுன் கேட்க வேண்டியவர்களைக் கேட்க வேண்டும். குளங்களுக்கு மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் இருப்பார். அவர் சம்மதம் இல்லாமல் தூண்டிலை நனைக்கக் கூடாது. வாழைத்தோட்ட வரப்பு வழியாகத்தான் வாய்க்காலுக்குப் போக முடியும் என்றால் தோட்டக்காரரிடமும் ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான்: "வெட்டுன அமலைய தண்ணியில விட்றாதிய தம்பி, கீழ எங்க மடையிலதாம் வந்து அடைக்கும்." இந்த ஒரு வாக்கியத்தில் நீர்ப்பாசன நீதி முழுவதும் இருக்கிறது. வெட்டிய செடி அத்தனையும் கரைக்கு ஏற வேண்டும். தண்ணீரில் விட்டால் ஒன்று மிதந்துபோய் அடுத்தவர் மடையை அடைக்கும், அல்லது அங்கேயே அழுகி மிச்சமிருக்கும் உயிர்வாயுவையும் தின்றுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு, இந்தச் செடிகளின் வேரில் குத்திக்கொண்டுதான் மூச்சு விடுகிறது. செடி கரையேறிக் காய்ந்தால் புழுவும் காயும். களைக்கொல்லி தெளித்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்களை அருகில் அண்டவிடக் கூடாது. மாடு குடிக்கும் தண்ணீர், ஆத்தூர் வெற்றிலைக்கொடி குடிக்கும் தண்ணீர் அது. நீரில் வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது.

இனி இடத் தேர்வு. மடைவாய்க்கு அருகில் வேண்டாம். அது எல்லாருக்கும் பொது. பெண்கள் துணி துவைக்கும் படித்துறையும் வேண்டாம். வாய்க்கால் வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையைப் பார்க்க வேண்டும். நீர் அங்கேதான் அரித்து ஆழம் செய்திருக்கும். மூன்றடிக்கும் குறைவென்றால் விட்டுவிடலாம். ஆழம் பார்க்கத் தங்கூசி நரம்பில் ஈயக்குண்டைக் கட்டி, அமலையின் இடுக்கில் இறக்க வேண்டும். குண்டு சட்டென்று நின்றால் அடி கெட்டி. மெதுவாக அமுங்கி, இழுக்கும்போது கருஞ்சேறோடு வந்து நாறினால் அங்கே கெளுத்தி தவிர வேறொன்றுக்கும் ஆசைப்பட வேண்டாம். பழைய ஆழக் கணக்கை நம்புவதும் தவறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, இந்த வட்டாரத்துக் குளக்கரைகள் பல உடைந்தன. அப்படி ஒரு வெள்ளம் போன வாய்க்காலில் பள்ளம் மேடாகும், மேடு பள்ளமாகும். முன்பு தெரிந்த இடத்தையும் புதிதாக அளந்தே தீர வேண்டும்.

திறப்பின் அளவு தூண்டில் கம்பை வைத்து முடிவாகிறது. பத்தடி மூங்கில் கம்பு என்றால் திறப்பின் நீளமும் கரையிலிருந்து பத்தடி, அகலம் ஆறடி. அதற்கு மேல் ஒரு சாண்கூட வேண்டாம். மூன்று பக்கமும் அமலை நிற்க, கரைப்பக்கம் மட்டும் நாம். வீட்டை ஒட்டிய முற்றத்துக்குத்தான் வீட்டார் வந்து உட்காருவார்கள்; தெருக்கோடியில் பந்தல் போட்டால் வரமாட்டார்கள்.

கருவிகள் இரண்டு போதும். ஒன்று, நீண்ட கம்பில் கட்டிய தொரட்டி. மற்றது பாதாளக் கரண்டி. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க ஒரு வளையத்தில் நாலைந்து கொக்கி தொங்கவிட்டு வீட்டுக்கு வீடு வைத்திருந்தார்களே, அதேதான். ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் அந்தக் கரண்டிக்கு, அமலை வாய்க்காலைவிடப் பொருத்தமான மறுவாழ்வு கிடையாது. முதலில் தொரட்டியால் ஆறடி அகலத்தின் இரு ஓரங்களிலும் ஓடுதண்டுகளை மட்டும் அறுத்துக்கொண்டே போக வேண்டும். இலையை அறுப்பது வீண். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள தண்டு அறுந்தால்தான் பாய் பிரியும். மூன்றாவது பக்கமும் அறுந்ததும் நடுத்துண்டு தனித் தெப்பமாகிவிடும். அப்போது பாதாளக் கரண்டியை அதன் தொலைக் கோடியில் வீசி, கொக்கி வேருக்குள் இறங்கும் வரை ஒரு கணம் பொறுத்து, அவசரமில்லாமல் இழுத்தால் தெப்பம் முழுதாகக் கரைக்கு வரும். வெடுக்கென்று இழுத்தால் நாலு செடி மட்டும் பிய்ந்து வரும். தெப்பத்தைத் தூக்கும்போது அதன் கறுத்த, இறகுபோல் விரிந்த வேரை உதறிப் பார்ப்பது அவசியம். சின்ன இறால், நத்தை, தட்டான் புழு எல்லாம் விழும். என்ன விழுகிறதோ அதுதான் மீன் அங்கே தின்னும் சாப்பாடு. இரையை அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். விழுந்ததைத் தண்ணீருக்கே திருப்பிவிட வேண்டும்.

மேலே திறந்ததும் அடியில் நிற்கும் வேலம்பாசி தெரியும். கரண்டியை அடியோடு இழுத்து நடுவில் ஒரு பாதை மட்டும் எடுத்தால் போதும். கரைப்புல்லில் கால் வைக்குமுன் கம்பால் தட்டிக்கொண்டே போவது நல்லது. நீர்க்கோலி ஒன்றும் செய்யாது. கண்ணாடி விரியன் அப்படியல்ல.

பலர் தோற்கும் இடம் இதற்குப் பிறகுதான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். காலையில் திறந்த இடத்தை மேற்கேயிருந்து தள்ளிவரும் அமலை இரவோடிரவாக மூடிவிடும். இதற்கு அரண் வேண்டும். அரணுக்கான பொருள் பக்கத்துத் தோட்டத்திலேயே கிடக்கிறது. குலை வெட்டிய பின் சாய்த்துப் போட்ட வாழை மரம் மிதக்கும், காசும் இல்லை. காற்று வரும் பக்கமும் முன்பக்கமும் ஒவ்வொரு மரம் மிதக்கவிட்டு, வாழைநாரால் உடைமரக் குச்சிகளில் கட்ட வேண்டும். முளைக்குப் பூவரசங் கம்பு கூடாது. அது வேர்விட்டு மரமாகி நின்றுவிடும். கட்டைத் தளர்த்தியாக விட்டால் நீர் ஏறி இறங்கும்போது மரமும் கூடவே ஏறி இறங்கும். வாய்க்காலின் குறுக்கே கட்டுவது மட்டும் ஒருநாளும் கூடாது; ஓட்டம் தடைப்பட்டால் கீழே உள்ள வயல் காயும். மரம் அழுகத் தொடங்கியதும் எடுத்துவிட்டு வேறு போட வேண்டும்.

எந்தக் கரையில் உட்காருவது? நிழல் தண்ணீரில் விழாத கரையில். தூண்டில் இரையைக் கவ்வித் தப்பிய வாளை, பின்னர் நீரோரப் பிரம்பின் ஆடும் நிழலுக்கே அஞ்சுகிறது என்று பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. சங்கப் புலவர் இவ்வளவு கூர்ந்து பார்த்த பிறகு நமக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. தூத்துக்குடி ஏறத்தாழ 8.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பையொட்டி ஒருமுறையும் ஆவணி நடுவில் ஒருமுறையும் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே கிழக்கு மேற்காக ஓடும் வாய்க்காலில், கார் பருவத் தண்ணீருக்குத் தென்கரை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு வடகரை.

வெட்டிய அன்றே தூண்டில் போடக் கூடாது. கலங்கல் தெளிய மூன்று நாளாவது விட வேண்டும். அந்த நாட்களில் மாலை தோறும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் வாய்க்கால் களிமண்ணில் பிசைந்து எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை போடலாம். கெளுத்திக்கு இதில் ஒரு சிட்டிகை கருவாட்டுத் தூள் சேர்த்தால் வாசம் பிடித்து வரும். அதிகம் போட்டால் புளித்துப் போகும். பிறகு தக்கையும் மண்புழுவும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். 1952-இல் இலங்கையிலிருந்து வந்து இந்திய நீர்நிலையெல்லாம் நிறைந்துவிட்ட ஜிலேபிதான் முதலில் கடிக்கும். அதைத் திரும்ப விட வேண்டியதில்லை.

திறப்பில் செக்கச்செவேல் என்று விரால் பார்ப்புகள் கூட்டமாக மேலே வந்து போவது தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கின்றன. குஞ்சுக்கு அருகில் எதை இறக்கினாலும் அவை பாய்ந்து கடிக்கும் என்பதால் அந்த நேரத்தில் பிடிப்பது மிக எளிது. பிடித்தால் ஒரு கூட்டமே அநாதையாகிப் பிற மீனுக்கு இரையாகும். பார்ப்பு கறுத்துப் பிரியும் வரை அந்தத் துறை அவற்றுக்குச் சொந்தம்.

தண்ணீர் அடைத்ததும் முளைகளைப் பிடுங்கிவிட வேண்டும். தூர் வார வருபவர் காலில் குத்தக் கூடாது. கரையில் காய்ந்த அமலையைத் தோட்டக்காரர் கேட்டால் வாழைமூட்டில் போடக் கொடுக்கலாம். பூத்து விதை பிடித்ததை மட்டும் தனியே எரித்துவிட வேண்டும். விதை சேற்றில் பல ஆண்டு உறங்கி முளைக்கும். பிறகு வறண்ட வாய்க்காலுக்குள் இறங்கி நடக்கலாம். உடைந்த பாட்டில், வேர்க்கட்டை, கல் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, எந்தப் பள்ளம் மடையிலிருந்து எத்தனை எட்டில் இருக்கிறது, எத்தனை அடி ஆழம் என்று நோட்டில் குறித்துக்கொள்வது அந்த மாதங்களில் செய்யவேண்டிய வேலை.