வீடில்லாதவருக்கு வீடு கொடுப்பது எப்படி: புதிதாக வரும் அலுவலருக்குச் சில குறிப்புகள்

தம்பி, மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர். வீடமைப்பு உம்முடைய விடயம். கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் படமெடுத்தாயிற்று, பாடும் மீனைப் பற்றியும் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். இனி வேலையைப் பார்ப்போம்.

வீடில்லாதவரைத் தேடித் தெருவுக்குப் போகாதீர். இங்கே அவர் தெருவில் படுப்பது குறைவு. அக்காவின் விறாந்தையில் படுப்பார். தாயின் குசினிக்குப் பின்னால் ஒரு பத்தி இறக்கி, தறப்பாளால் மறைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளோடு இருப்பார். லண்டனில் இருப்பவரின் வளவுக்குக் காவல் என்ற பேரில் இன்னொருவர் இருப்பார். இவர்களையெல்லாம் எண்ணத் தொடங்கினால் பட்டியல் வாவிக்கு அப்பால் படுவான்கரை வரைக்கும் நீளும். எண்ண வேண்டாம். “உறவினருடன் வசிக்கிறார்” என்று எழுதும். எழுதிய கணத்தில் அவர் வீடுள்ளவர் ஆகிவிடுகிறார். இவ்வளவு மலிவான வீட்டுத்திட்டம் உலகத்தில் வேறு கிடையாது.

அப்படியும் ஒருவர் வந்து வீடில்லை என்று நின்றால், வீடு இருந்ததற்கு ஆதாரம் கேளும். இந்த முறை 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நன்றாகப் பழகிப்போனது. முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபா, பகுதி சேதத்துக்கு ஓர் இலட்சம் என்று அரசாங்கம் அறிவித்தது. அழிந்த ஒரு வீட்டுக்குப் பதிலாக ஒரு வீடு என்பது கொள்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அலை வந்த அன்று ஒரு கூரையின் கீழ் மூன்று குடும்பம் இருந்திருந்தால் இடிந்தது ஒரு வீடுதானே? வாடகைக்கு இருந்தவருக்கு இடிந்தது வீட்டுக்காரரின் வீடு. கரையோரத்து அரச காணியில் கொட்டில் போட்டிருந்தவருக்கு இடிந்தது ஒன்றுமே இல்லை. இந்த ஓட்டைகளில் சிலவற்றைப் பிறகு அடைத்தார்கள். அடைக்கும்வரை சனம் முகாமில் இருந்தது. காணி உறுதியைக் கடல் கொண்டுபோனது என்று சொல்பவரிடம், கடல் கொண்டுபோனதற்கு விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், ஒரு கடிதம் வாங்கிவரச் சொல்லும்.

அடுத்தது காணி. இதற்கு அளவுநாடா வேண்டும். 2005இல் கரையோரத் தடை வலயம் அறிவித்தபோது தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்றார்கள். நாவலடியை ஒருதரம் போய்ப் பாரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு மணல் நாக்கு. அங்கே கடலிலிருந்து 200 மீற்றர் உள்ளே நடந்தால் வாவி காலை நனைக்கும். எனவே சனத்தை ஏற்றி, நகரத்துக்கு வடக்கே திராய்மடுவில் இறக்க வேண்டியதாயிற்று. பிறகு வலய விதியைத் தளர்த்தினார்கள். அதற்குள் சனம் மாறியாயிற்று, வலையும் தோணியும் மட்டும் பழைய கரையில்.

குடியேற்றக் காணியைப் பார்க்க ஓகஸ்டில் போவது உத்தமம். ஓகஸ்டில் மட்டக்களப்பில் பள்ளக்காணியும் மேட்டுக்காணியும் ஒன்றுபோலக் காய்ந்து கிடக்கும். மார்கழி மழையில் திராய்மடுத் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பற்றி யாராவது சொன்னால், அது இயற்கை அனர்த்தம், வேறு பிரிவு, வேறு மேசை. 2011 ஜனவரி வெள்ளத்தில் மாவட்டமே தண்ணீருக்குள் கிடந்தது. வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தை வெட்டி வாவியைக் கடலுக்கு விடுவார்கள், தண்ணீர் வடியும். எந்தப் பக்கம் வடியும், எந்தப் பக்கம் தங்கும் என்பது இங்கே நண்டு பிடிக்கிற பையனுக்கும் தெரியும். அவனைக் காணித் தெரிவுக் குழுவில் போட விதி இல்லை.

இப்போது படிவம். “குடும்பத் தலைவர் பெயர்” என்று ஒரு கட்டம் இருக்கும். கொழும்பில் அச்சடித்த கட்டம். இந்த ஊர் உமக்குத் தொல்லை தருவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகக் கேளும்.

மட்டக்களப்பில், தமிழரிலும் சரி முஸ்லிம்களிலும் சரி, வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். தாயும் தகப்பனும் தாங்கள் இருந்த வீட்டை மூத்தவளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, அதே வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்குவார்கள். அடுத்தவள் வளர வளர அந்தக் கொட்டில் கல்வீடாகும். அது அவளுக்கு. கிழவனும் கிழவியும் மறுபடி ஒதுங்குவார்கள். குலப்பிரிவைக் குடி என்று சொல்கிறார்களே, அதுவும் தாய்வழியில்தான் வருகிறது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து இதையெல்லாம் ஆராயத் தொடங்கி, 2008இல் தடித்த புத்தகமாகப் போட்டார். உமக்கு அவ்வளவு காலம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போக வேண்டும்.

எனவே கட்டத்தில் புருஷனின் பெயரை எழுதும். சுனாமிக்குப் பிறகு அப்படித்தான் எழுதினார்கள். தாய் மகளுக்குக் கொடுத்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. அரசாங்கம் அதை மருமகனிடம் திருப்பிக் கொடுத்தது. ஒரு கிழவி உமது மேசைக்கு முன்னால் வந்து நின்று, “மனே, இது எங்கட அம்மா எனக்குத் தந்த வளவு. அவர் கலியாணம் முடிச்சு வந்ததே எங்கட ஊட்டுக்கு. இப்ப பேமிட்டுல அவர்ர பேர். நான் இப்ப ஆர்ர ஊட்டுல இருக்கன்?” என்று கேட்கலாம். பதில் சொல்லாதீர், கதிரையைக் காட்டும்.

இரண்டு பேரின் பெயரையும் போடலாமே என்று மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் கேட்டன. நல்ல யோசனை. ஆனால் அரச காணி அனுமதிப் பத்திரத்தில் ஒருவர் பெயர்தான் என்று சட்டத்தைக் காட்டினார்கள். அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். உரித்தாளர் பெயர் குறிக்காமல் இறந்தால் மகன்மார் முன்னுக்கு, மகள்மார் பின்னுக்கு என்று அதன் அட்டவணை வரிசைப்படுத்தியிருந்தது. அந்த வரிசையைத் திருத்த 2022 ஆயிற்று. இடையில் சில வீடுகளில் புருஷன் இன்னொருத்தியோடு போயிருப்பான், அல்லது இன்னொருத்தியைக் கூட்டிவந்திருப்பான். முன்பெல்லாம் இந்த ஊரில் சண்டை வந்தால் யார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது என்ற கேள்வியே எழாது, மாப்பிள்ளைதான் போவார். அந்தக் கேள்வியை ஊருக்குள் கொண்டுவந்தது நமது கட்டம். அவள் மறுபடி அக்காவின் விறாந்தைக்கு வருவாள். என்ன எழுத வேண்டும் என்று உமக்கு இப்போது தெரியும்.

காசு கொடுக்கும் முறை சுலபம். ஒரேயடியாகக் கொடுத்தால் சனம் செலவழித்துவிடும் என்பது அலுவலகத்தின் நம்பிக்கை. அத்திவாரத்துக்கு ஒரு பங்கு, லிண்டலுக்கு ஒரு பங்கு, கூரைக்கு ஒரு பங்கு என்று கொடுக்கும். ஒவ்வொரு பங்குக்கும் முந்திய வேலை முடிந்திருக்க வேண்டும். வேலை முடிக்கக் காசு வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் நுண்கடன் கம்பனிகள் மோட்டார் சைக்கிளில் வருகின்றன. யுத்தத்துக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா இப்படித்தான் வந்தது. சனம் தங்கள் கையையும் போட்டு, நகையையும் போட்டு, கட்டி முடித்தார்கள். குறை சொல்லலாம், ஆனால் அந்த வீடுகள் நிற்கின்றன, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். இந்த வழிகாட்டியின் நோக்கத்துக்கு அது நல்ல உதாரணமல்ல.

நல்ல உதாரணம் 2019. மாதிரிக் கிராமம் அமைக்கிறோம் என்று, இருந்த கொட்டிலைப் பிடுங்கச் சொல்லி, அத்திவாரம் போட வைத்து, சிலருக்குச் சுவர் எழும்பும்வரை காசு கொடுத்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் ஆட்சி மாறியது, காசு நின்றது. கூரையில்லாத சுவருக்குள் தறப்பாளைக் கட்டிக்கொண்டு சனம் அடுத்த பங்குக்காகக் காத்திருந்தது. 2022இல் சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்டபோது காத்திருப்பதும் நின்றது. யாராவது கேட்டால் “முன்னைய அரசாங்கத்தின் திட்டம்” என்று சொல்லும். எந்த வருடத்திலும் பொருந்துகிற பதில்.

கல்வீட்டில் சலிப்பு வந்தால் இரும்பு வீடு இருக்கிறது. 2016இல் ஆர்சலர்மித்தல் கம்பனி மூலம் வடக்குக் கிழக்குக்கு 65,000 கொண்டுவரப் பார்த்தார்கள், ஒன்று ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கிற ஆடி மாதத்தில் அது வீடாக இருக்காது, அப்பச் சட்டியாகத்தான் இருக்கும் என்று இரும்பு என்று கேட்டவுடனேயே சனத்துக்கு விளங்கிவிட்டது. எதிர்ப்பு வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. இந்தத் தோல்வியிலிருந்து எடுக்க வேண்டிய பாடம்: சனத்திடம் முன்கூட்டியே காட்டாதீர்.

பயிற்சிப் பட்டறைகளில் யாராவது பின்லாந்தைப் பற்றிப் பேசினால் தேநீர் குடிக்க எழுந்து போய்விடும். 2008இலிருந்து அங்கே முதலில் வீட்டைக் கொடுக்கிறார்களாம், அதுவும் அவரவர் பெயரில் வாடகை ஒப்பந்தத்தோடு. குடி, கடன், வேலை, வருத்தம் எல்லாவற்றையும் கதவைப் பூட்டித் தூங்கத் தொடங்கிய பிறகு பார்க்கிறார்களாம். ஹெல்சிங்கியில் இரட்சணிய சேனையின் இரவு விடுதியைக்கூடத் தனித்தனி வீடுகளாக மாற்றிவிட்டார்கள். நமது ஒழுங்கு வேறு. முதலில் அடையாள அட்டை, பிறகு விவாகப் பதிவு, வாக்காளர் இடாப்பு, விதானையாரின் சான்றிதழ், காணிக் கச்சேரி. வாக்காளர் இடாப்பில் பெயர் வர முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும். இந்த வட்டத்தை ஒரு விண்ணப்பகாரர் சுற்றி முடிக்கும்போது உமக்கு மாற்றல் வந்திருக்கும்.

திறப்பு விழாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொடையாளியின் பெயரைக் கல்லில் வெட்டும், வீட்டுக்காரியின் பெயரைப் பென்சிலால் எழுதும்.

மதிப்பீட்டுக்கு ஆள் வரும்போது சில வீடுகள் பூட்டிக் கிடக்கும். கிணற்றில் உப்புத் தண்ணீரா, பஸ் இல்லையா, தோணி கட்டிய கரை தூரமா என்று விசாரிக்கப் போகாதீர். “பயனாளி ஆர்வம் காட்டவில்லை” என்று எழுதி மூடும்.

மூடிய கோப்பை அலுமாரியின் அடியில் வைக்காதீர், விரைவில் வேண்டிவரும். அந்தக் கிழவி திரும்ப வருவாள். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று, இருந்த வீட்டைக் கொடுத்தாயிற்று, கிழவனும் அவளும் வளவின் மூலையில் தகரக் கொட்டிலில், இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பாள். நீர் பழைய கோப்பை எடுத்துப் பார்த்து, “நீங்கள் ஏற்கனவே வீடு பெற்றவர்” என்று சொல்ல வேண்டும். அவள் இல்லை என்பாள், பெற்றது அவர் என்பாள், பத்திரத்தைக் காட்டுவாள். அவள் சொல்வது சரி. புதிய படிவம் ஒன்று கொடுத்து, குடும்பத் தலைவர் யார் என்று கேளும்.