கூடைக்குள் இரண்டு கோழி

கேள்வி: பழைய கதைகளில் வேண்டாதவரை ஒதுக்கி வதைப்பதில் முதல் பரிசு யாருக்கு?

பதில்: ஒரு குதிரை வண்டிக்கு! பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1880-இல் வெளியிட்ட 'பூல் த ஸ்யூஃப்' கதையில் ஓடுகிற வண்டி. பிரஷ்யப் படை பிடித்துக்கொண்ட பிரான்சின் ருவான் நகரிலிருந்து பத்துப் பேர் பனியில் கிளம்புகிறார்கள். பிரபு, ஆலை முதலாளி, ஒயின் வியாபாரி, அவரவர் மனைவி, இரண்டு கன்னியாஸ்திரிகள், புரட்சி பேசும் ஒருவர். பத்தாவது ஆள் விலைமாது. எல்லா மூக்கும் சுளிக்கிறது. பசி வந்ததும் அதே மூக்குகளுக்கு வேறு வேலை: அவள் கூடையில் இரண்டு முழுக் கோழி! கூடை காலியாகும்வரை அவள் 'மேடம்'.

வழியில் ஒரு பிரஷ்ய அதிகாரி, அவள் தனக்கு இணங்கினால்தான் வண்டி நகரும் என்கிறான். எதிரிக்கா, முடியாது என்கிறாள். வண்டியிலேயே தேசபக்தி இருந்தது அவளிடம் மட்டும்தான். கற்புக்கரசிகள் கூடிக் கூடிப் பேசி அவளைக் கரைக்கிறார்கள். நோக்கம் நல்லதானால் செயலில் குற்றமில்லை என்கிறார் மூத்த கன்னியாஸ்திரி. (இவரைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கடவுளையே இழுத்துவிட்டாரே.)

அவள் இணங்கிய மறுநாள் வண்டி கிளம்புகிறது. அவசரத்தில் அவள் சாப்பாடு எடுத்து வரவில்லை. இந்த முறை எல்லோரிடமும் பொட்டலம் இருக்கிறது. ஒரு துண்டுகூட அவள் பக்கம் நீளவில்லை. அவள் அழுகிறாள். புரட்சிக்காரர்? அவித்த முட்டைகளைத் தின்றுவிட்டு 'மார்செய்யேஸ்' என்ற பிரெஞ்சுப் புரட்சிப் பாட்டைச் சீட்டியடிக்கிறார்.