மீனைக் கண்டு ஓடும் பூனை

கேள்வி: எங்கள் பூனை மீனைக் கண்டதும் ஓடி வருகிறது; வாயில் வைத்ததும் சீறிவிட்டு ஓடுகிறது. சமையல் சரியில்லையா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: சமையல்காரர் நிரபராதி! வாயில் புண் இருந்தால் அப்படித்தான்: பசி இழுக்கும், வலி விரட்டும். கலிசி வைரஸ், ஈறு அழற்சி, சிறுநீரகக் கோளாறு எனக் காரணம் பல. கால்நடை மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதுவரை மொறுமொறு தீனிக்கு விடுமுறை. முள் நீக்கிய மீனை உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்து, கூழாக்கி, இளஞ்சூட்டில் தட்டையான தட்டில் வைக்கலாம். சூட்டில் மணம் எழும். மணந்தால்தான் துரை சாப்பிடுவார்.

வீட்டிலுள்ள பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படியும். குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கூடையில் வைத்து மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியில் விழும் கீறல்கள் இலவசம்.