கைப்பைக்குள் ஒரு கதாநாயகன்

கோடை விடுமுறைக்குக் குடும்பம் மொத்தமும் சென்னையிலிருந்து ஊட்டிக்குக் கிளம்புகிறது என்றால், டிக்கெட் சித்தப்பாவின் பொறுப்பு. சார்ஜர் பிள்ளைகளின் பொறுப்பு. மற்றதெல்லாம் சித்தியின் பொறுப்பு. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மாமியாரின் மாத்திரை டப்பா, ஆளுக்கொரு ஸ்வெட்டர், வாந்திக்கு எலுமிச்சம்பழம் என்று எல்லாம் அடைத்த பிறகு, கைப்பையின் பக்க அறையில் ஒரு நாவலுக்கும் அவர் இடம் பிடித்தாக வேண்டும். எந்த நாவல் என்று முடிவு செய்வதற்குள் சித்தப்பா இரண்டு முறை ஓட்டலை மாற்றியிருப்பார்.

“ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோயேன். எல்லாம் ஒரே கதைதானே!” என்பார் அவர்.

ஒரே கதையாக இருப்பதால்தான் சித்தி அதை எடுக்கிறார் என்பது சித்தப்பாவுக்குப் பிடிபடாத ரகசியம். விடுமுறையில் சித்தப்பா படித்தால், அது படிப்பு. சித்தி படித்தால், அவர் சும்மா இருக்கிறார் என்று பொருள். சும்மா இருப்பவரிடம் சீப்பு எங்கே, துண்டு எங்கே, அடுத்த வேளைக்கு என்ன என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பக்கத்துக்கு மூன்று முறை மூடித் திறந்தாலும் கதை கையைவிட்டு நழுவக் கூடாது. அந்தப் பரீட்சையில் தேறும் புத்தகம்தான் விடுமுறைக்கு லாயக்கு.

ரமணிசந்திரன் இதில் முதல் வகுப்பு. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள். வசதியான கதாநாயகன், தன்மானத்தில் அவனுக்கு ஒரு படி மேலே கதாநாயகி, இடையில் யாரோ மூட்டிவிட்ட சந்தேகம், கடைசியில் சுபம். இருபதாம் பக்கத்தில் மூடிவிட்டுப் போய், குழந்தைக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட்டு வந்து இருபத்தைந்தாம் பக்கத்தைத் திறந்தாலும் குடி முழுகிவிடாது. அவன் அப்போதும் அவளைத் தவறாகத்தான் புரிந்துகொண்டிருப்பான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘வெண்ணிலவு சுடுவதேனோ’, ‘என் கண்ணில் பாவையன்றோ’, ‘தண்ணீர் தணல் போல் தெரியும்’ என்று தலைப்புகள் எல்லாம் பாட்டுக் கச்சேரி போல இருக்க, எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று யாருக்கு நினைவிருக்கும்? வாடகை நூலகத்துப் புத்தகம் என்றால் சித்தி பதினேழாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவார். புள்ளி இருந்தால் படித்தாயிற்று. அதே பக்கத்தில் இன்னும் நாலைந்து பேருடைய நட்சத்திரம், பெருக்கல் குறி, ஒரு பிள்ளையார் சுழி எல்லாம் இருக்கும். நூலகத்துப் பதிவேட்டைவிட நம்பகமான கணக்கு அது.

அடுத்த தகுதி, பயணத்துக்குச் சகுனம் சரியாக இருக்க வேண்டும். சிவசங்கரியின் ‘ஒரு மனிதனின் கதை’ அருமையான நாவல்தான். ஆனால் குடிப்பழக்கம் ஒரு மனிதனை எப்படிக் கவிழ்க்கிறது என்பதை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துவிட்டு, “குளிருக்கு ஒரே ஒரு பெக்” என்று இழுக்கும் மைத்துனரைச் சித்தி பார்க்கும் பார்வையில் ஊட்டியே உறைந்துவிடும். சிவசங்கரியின் ‘47 நாட்கள்’ இன்னும் ஆபத்து. வெளிநாட்டு மாப்பிள்ளையை நம்பிக் கழுத்தை நீட்டியவள் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும் கதையை 1981-இல் கே. பாலசந்தர் படமாகவும் எடுத்தார். மூத்தவளுக்கு அமெரிக்க வரன் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் அதைப் பெட்டியில் வைத்தால் ஜாதகம் தானாகவே திரும்பி வந்துவிடும்.

அட்டைப்படத்தையும் பார்க்க வேண்டும். கூடவே மாமியார் வருகிறார் அல்லவா? மாருதி வரைந்த முகம் என்றால் கவலையே இல்லை. பெரிய கண்ணும் குடும்பப் பாங்குமாக அந்தப் பெண்ணைப் பார்த்தால் மாமியாரே “யாரு, நம்ம சொந்தமா?” என்று கேட்பார். ஜெயராஜ் படம் என்றால் செய்தித்தாளில் அட்டை போட்டுக்கொள்வது நல்லது.

எடை கடைசித் தகுதி. வார இதழ்த் தொடர்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு வால்யூம் வீட்டில் கிடந்து படிக்கத்தான் சுகம். கதை ஒரு பக்கம், பின்பக்கத்தில் அந்த வாரத்து ஜோக், பாதியில் அறுந்த மோர்க்குழம்புக் குறிப்பு. பயணத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனால் ஸ்வெட்டர் ஒன்றைக் குறைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் ராணிமுத்து, மாலைமதி போன்ற மாத நாவல்களுக்குப் பயணத்தில் அத்தனை மவுசு. மடக்கலாம், சுருட்டலாம், தேவைப்பட்டால் விசிறலாம்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளை மட்டும் விடமாட்டான். “ஊட்டிக்குப் போறோம், ராஜம் கிருஷ்ணனோட ‘குறிஞ்சித்தேன்’ படிம்மா” என்று கையில் திணிப்பான். நல்ல யோசனைதான், நீலகிரியின் படகர் வாழ்க்கை மாறிப்போவதைச் சொல்லும் நாவல் அது. சித்தியும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்வார். நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய புத்தகம். அவருக்கோ உட்காரவே நேரமில்லை. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018-இல் பூத்தது, அடுத்து 2030. அதற்குள் முடித்துவிடலாம் என்பது சித்தியின் கணக்கு.

“இதெல்லாம் ஒரு எழுத்தா?” என்ற கேள்வி ரயிலில் ஒருமுறையாவது வரும். அதற்குச் சித்தியிடம் இரண்டு பதில்கள் தயார். ஒன்று, லட்சுமி. பத்திரிகைக்குக் கதை எழுதிக் கிடைத்த பணத்தில் மருத்துவம் படித்து டாக்டரானவர். 1984-இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். இன்னொன்று, வை. மு. கோதைநாயகி அம்மாள். ஆரம்பத்தில் அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார். பிறகு ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தி, 115 நாவல்களும் எழுதினார். சித்தப்பா கடைசியாகக் கைப்பட எழுதியது வங்கிச் செலான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர். பல்சக்கரத்தால் பிடித்துப் பிடித்து ஏறுவதால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு மாத நாவலுக்கு அளவெடுத்துத் தைத்த நேரம். ஆனால் வழியில் 16 குகைகள். அவன் அவள் கையைப் பற்றும் இடம் வந்ததும் பெட்டி இருண்டுவிடும், பிள்ளைகள் ஊளையிடும். வெளிச்சம் வரும்போது வரி தப்பியிருக்கும். பரவாயில்லை, கை எங்கே போய்விடப் போகிறது?

சித்தியின் மருமகள் இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்று கைப்பேசிக்கு மாறிவிட்டாள். கிண்டிலில் 2016 முதலே தமிழ் உண்டு. பிரதிலிபி மாதிரியான செயலிகளில் பெண்கள் எழுதும் தொடர்கள் வந்து குவிகின்றன. எடை இல்லை, அட்டைப்படத் தகராறு இல்லை. போனை நோண்டுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், படிக்கிறாள் என்று யாருக்கும் சந்தேகம் வராது. ஒரே குறை, மலையில் சிக்னல் ஒளிந்து விளையாடும். போன முறை குன்னூர் தாண்டியதும் கதாநாயகன் கதாநாயகியை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னான். அத்தோடு வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. தொட்டபெட்டாவில் சுற்றியது, படகு இல்லத்தில் சுற்றியது, சாக்லேட் கடை வாசலிலும் சுற்றியது. இறங்கும்போது மேட்டுப்பாளையத்தில்தான் அவன் மன்னிப்புக் கேட்டான். “இவ்வளவு நாளா அந்தப் பொண்ணு எங்கடி தங்கியிருந்தா?” என்று சித்தி விசாரித்தார்.