பொட்டு வைத்த யந்திரங்கள்: கணினி அங்கங்களின் கிருக அலங்காரம் குறித்து ஓர் ஆராய்ச்சி

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், பலகையில் லெபோ பசார் என்றும் முதியோர் நாவில் மார்க்கெட் ஸ்திரீட் என்றும் வழங்கும் வீதியை நடுநாயகமாகக் கொண்டு விளங்கும் லிட்டில் இந்தியாவைப் பற்றி எழுதப் புகுந்த அறிஞர்கள், 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் வந்திறங்கியது, 1833இல் லெபோ குவினில் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது, 2008இல் யுனெஸ்கோ நகருக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் சூட்டியது முதலான பெரிய விஷயங்களிலேயே தம் கவனத்தைச் செலுத்திவிட்டபடியால், அப்பகுதித் தமிழர் வீடுகளில் ஆயுள் முடிந்த கணினிகளின் அங்கங்கள் சுவரிலும் மேஜையிலும் அலங்காரமாக வீற்றிருக்கும் அதிசயம் ஆராய்வாரின்றிக் கிடக்கிறது. அக்குறையை நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூர்வபட்சத்தை முதலில் கூறி மறுப்பது நம் முன்னோர் வகுத்த முறை. உலோபமே இதற்குக் காரணம் என்பது முதற்கட்சி. அது பொருந்தாது. உலோபியானவன் பழைய கணினியை லோரோங் கூலிட் காலைச் சந்தைக்குச் சுமந்து சென்று, ஐந்து வெள்ளி கேட்டு, மூன்று வெள்ளிக்காவது தள்ளிவிட்டு வருவானேயன்றி, ஆணிக்கும் பசைக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் கைக்காசைச் செலவழித்து அதைச் சுவரில் ஏற்ற மாட்டான். அழகுணர்ச்சியே காரணம் என்பது இரண்டாங்கட்சி. 1.44 மெகாபைட் கொள்ளளவோடு ஒரு காலத்தில் அலுவலகக் கணக்குகளையெல்லாம் தாங்கிய பிளாப்பி, இன்று தே தாரேக் கிளாஸைத் தாங்கி, அதன் ஈரத்தில் தன் உலோக மூடி துருப்பிடிக்கக் கிடக்கும் கோலத்தை நேரில் கண்ட எவரும் அங்கே அழகு குடிகொண்டிருப்பதாகச் சத்தியம் செய்யத் துணியார்.

இனிச் சித்தாந்தம். உண்மைக் காரணம் ஆயுத பூஜை. நவராத்திரியின் ஒன்பதாம் நாள், அரிவாள்மணை, தராசு, தையல் மிஷின், கார் ஆகியவற்றோடு கணினிக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பது நம்மவர் சம்பிரதாயமாகிவிட்டது. இவ்வாறு ஆண்டுதோறும் பொட்டு வாங்கிய பொருள், உயிர் நீங்கியதும் வெறும் கழிவாகிவிடுமா என்பதே தத்துவார்த்தமான கேள்வி. ஆகமப் பிரமாணமாக என் அத்தையின் வாக்கைக் காட்டுகிறேன். இயங்காத கணினியொன்றைக் குப்பைத் தொட்டிக்கு நான் தூக்கிச் சென்றபோது அவர் வழிமறித்து, "ஏன்டா, பொட்டு வெச்சதப் போயி குப்பையில போடுவியா? அப்புடி ஓரமா வையி" என்றார். அவ்வாறு ஓரமாக வைக்கப்பட்டது நாளடைவில் உயர்ந்து சுவரை அடைவதைத்தான் உலகம் கிருக அலங்காரம் என்கிறது. பழையன கழிவது குற்றமன்று என்று அனுமதித்த நன்னூலார், கழிந்தவற்றை எங்கே வைப்பது என்பதைச் சொல்லாமல் விட்டதன் விளைவு இது.

அங்கங்களுள் தலைமையானது ஹார்ட் டிஸ்க்கின் தகடு. அதை வெளியே எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் சடங்கு. மூடியைப் பூட்டியிருக்கும் திருகாணிகள் ஆறுமுனை நட்சத்திரத் தலை கொண்டவை. வீட்டில் உள்ள திருப்புளி எதுவும் அவற்றில் பொருந்தாது. பொருந்தும் கருவியை இரவல் வாங்கி எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் மூடி அசையாதிருப்பின், ஒட்டியிருக்கும் சீட்டின் அடியில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஓர் ஆணி அங்கே ஒளிந்திருக்கும். உள்ளே வீற்றிருக்கும் இரண்டு நியோடிமியம் காந்தங்கள் விரல் தோலைத் தமக்கிடையே பிடித்துக்கொண்டால் எளிதில் விடமாட்டா. இவற்றையெல்லாம் கடந்தவனுக்கு 95 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தகடு, ஒரு தூசும் இல்லாத நிலைக்கண்ணாடியாய்க் காட்சி தரும். அவனுடைய கட்டைவிரல் ரேகை படியும் வரையில்.

அதைக் கடிகாரமாக்குவோர் பலர். தகட்டின் நடுத்துளை 25 மில்லிமீட்டர். கடிகார யந்திரத்தின் தண்டோ அதனினும் மிக மெல்லியது. ஆதலால் மைலோ டப்பாவின் தகரத்தை வட்டமாக நறுக்கி இடையில் கொடுக்க வேண்டும். எண்களும் கோடுகளும் இல்லாத இக்கடிகாரத்தில் மணி பார்க்கச் சென்றவர் தலையை வாரிக்கொண்டு திரும்புவதும், மணியை மறுபடியும் பிறரிடம் கேட்பதும் வழக்கம்.

இங்கே விதியின் விளையாட்டு ஒன்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலவில்லை. 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை நிறுவியது இத்தீவிலேதான். பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் அவ்வாறு பெருகிய ஆலைகளின் வரிசையில், ஹார்ட் டிஸ்க் தகடுகளையே உற்பத்தி செய்து, 2007இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வசமான கோமாக் நிறுவனமும் இடம்பெற்றிருந்தது. அத்தகைய ஆலைகளில் தலைமுதல் கால்வரை வெள்ளாடை போர்த்திக் கண்கள் மட்டும் தெரிய நின்ற பெண்கள், காற்றையே வடிகட்டிய அறைகளில், ஒரு துகள் படியாமல் இவற்றைப் பேணினார்கள். ஏனெனில் நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் தகட்டின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் முனைக்கு ஒரு தூசியும் மலைதான். அவ்வளவு ஆசாரத்தோடு பிறந்த தகடு, இன்று மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு மசாலைக் கடையின் கல்லாவுக்கு மேலே, மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் சாம்பிராணிப் புகையும் படிய, நெற்றியில் குங்குமத்தோடு தொங்குகிறது. கடைக்காரரோ தினமும் காலையில் அதைத் தம் வேட்டித் தலைப்பால் துடைக்கிறார்.

மதர்போர்டின் கதி இதனினும் மேலானது; அது கொலுப்படியின் ஓரத்தில் நகரமாகிறது. குளிர்தகடு கோபுரமாகவும், நினைவகத் துண்டுகள் மதிலாகவும் நிற்க, பச்சைப் பலகையே புல்வெளியாகிவிடுவதால் கடுகு முளைக்கவிடும் வேலை மிச்சம். ஆயினும் பழைய குழாய்த் திரையைப் பிரித்து மீன் தொட்டியாக்க விரும்புவோரை நான் கண்டிப்பாகத் தடுக்கிறேன். மின்சாரத்தைப் பிடுங்கிய பின்னும் அதில் உயரழுத்தம் தங்கியிருக்கும். அதன் கண்ணாடியிலோ ஈயம் உண்டு. மலேசிய அரசாங்கம் 2005ஆம் ஆண்டின் விதிகளில் இத்தகைய கழிவை எஸ்.டபிள்யூ. 110 என்று எண்ணிட்டு அட்டவணைப்படுத்தியிருப்பதும் காரணமில்லாமல் அன்று.

சித்தாந்தத்துக்கு ஓர் ஆட்சேபம் எஞ்சி நிற்கிறது. பிரிண்டரும் பொட்டு வாங்கியதுதானே; அதன் எந்த அங்கமும் எந்த வீட்டுச் சுவரிலும் காணப்படாதது ஏன்? அவசரமான நாளில் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றதையும், கறுப்பு எழுத்தை மட்டும் கேட்டவனிடம் நீல மை தீர்ந்ததென்று மறுத்ததையும் அனுபவித்தவர்கள், அதைத் தம் கையாலேயே தொட்டியில் இட்டு, மூடியையும் அழுத்தி மூடிவிட்டு வருகிறார்கள். என் அத்தையும் அப்போது வழிமறிக்கவில்லை. அதற்கு வைத்த பொட்டு மனப்பூர்வமாக வைக்கப்பட்டதன்று என்று கொள்வதே சித்தாந்தத்துக்குப் பங்கமில்லாத வழியாகத் தோன்றுகிறது.